டாக்டர் பெயர் கொண்ட கத்தி

பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அச்சுக்கடையில், காகிதக் கட்டு வெட்டும் இயந்திரத்துக்குப் பெயர் கில்லட்டின். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். முகூர்த்த மாத அவசரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பொத்தானை அமுக்கி டேப் போட்டு ஒட்டிவிடுவார். எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! கேட்கிற ஆளா? போன வருடம் அப்படித்தான் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் துண்டாகிவிட்டன.

நான் போனில் ஆம்புலன்ஸுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். மகளின் கல்யாணப் பத்திரிகை வாங்கக் கிள்ளானிலிருந்து வந்திருந்த ஆன்டிதான் விரல்களை எடுத்தார். பத்திரிகை மூலையில் தடவ வைத்திருந்த மஞ்சளை அவற்றின் மேல் அப்பி, பக்கத்துத் தண்ணிக்கடையில் ஜூஸுக்குப் போடும் ஐஸில் புதைத்துக் கொடுத்தார்.

"மஞ்ச போட்டா சீழ் பிடிக்காது மா. ஒட்டிடுவாங்க லா, பயப்படாத."

மருத்துவமனையில், எதில் வெட்டியது என்று நர்ஸ் கேட்டார். கில்லட்டின் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, காத்திருந்த நேரத்தில் அந்த வார்த்தையைப் போனில் தேடினேன். கும்பிடாத சாமி பாக்கியில்லை, வேறென்ன செய்வது? பிரான்சில் தலை வெட்டிய இயந்திரமாம். பெயர் ஒரு டாக்டருடையதாம். அவர் அதைச் செய்யக்கூட இல்லை. சாகிறவன் வலியில்லாமல் சாகட்டும் என்று சபையில் பேசினார், அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் குடும்பம் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியும் நடக்காமல், தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டதாம். நாடாளுமன்றத்திலும் ஒரு கில்லட்டின் உண்டு. நேரம் முடிந்ததும் விவாதத்தை வெட்டி, ஓட்டுக்கு விடுவார்கள்.

எங்கள் டாக்டர் வெளியே வந்தார்.

"துணியில சுத்தி, பைக்குள்ள போட்டுத்தான் ஐஸ்ல வைக்கணும் அக்கா. நேரா ஐஸ் பட்டு சதை செத்துப்போச்சு. மஞ்சளும் உள்ள இறங்கிருக்கு. சாரி அக்கா, ஒட்ட முடியாது."

"உங்க கால்ல விழறேன். ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க."

உண்மையாகவே விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்.

வார்டில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததுமே கேட்டார்.

"ஒட்டிட்டாங்களா?"

"இல்லைங்க. அந்தப் பொம்பளை மஞ்சளப் பூசி, ஐஸ்ல போட்டுக் கெடுத்துட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பிறகு மெல்லச் சொன்னார்.

"ஆன்டிகிட்ட சொல்லிடாத. கல்யாண வீடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அறைந்திருப்பேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்க, ஓவென்று அழுதேன்.