சுடுவதற்கு முன் துடைத்த மேக்னம்

நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் பஹ்ரைனில் இருக்கிறவன் துபாய்க் கடைகளைப் பார்க்கப் போவான், இல்லாவிட்டால் தூங்குவான். நான் ஒரு ரிவால்வரைப் பார்க்க உம் அல் குவைன் போனேன். 2007 டிசம்பர். பஹ்ரைன் தேசிய தின விடுமுறை ஞாயிறும் திங்களுமாக விழ, வெள்ளி சனியோடு சேர்த்து நாலு நாள் கிடைத்தது. மார்ச்சில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. அதன்பிறகு குளச்சலில் சொந்தமாக லேத் போடுவதாக முடிவு. அதனால் இந்த ஆசை தீர இதைவிட்டால் வேறு நாள் இல்லை.

ஆசை என்னவென்று இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் டர்னர். குதைபியாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு பழைய பேப்பர் கடை. ஜுஃபைர் பக்கம் வீடு காலி செய்கிற அமெரிக்கர்களின் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக அங்கே வரும். அப்படி ஒரு கட்டில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அறுபதுகளில் செய்த .357 மேக்னம் ரிவால்வர், நாலு அங்குலக் குழல், கறுப்பா நீலமா என்று சொல்லமுடியாத மெருகு. மேக்னம் என்றால் வேறொன்றுமில்லை, நீளமான தோட்டா, கூடுதல் மருந்து, கூடுதல் வேகம். சாதாரண .38 தோட்டாவை இதில் போட்டுச் சுடலாம், இதன் தோட்டா .38 ரிவால்வருக்குள் நுழையாது. எனக்குப் பிடித்தது வேகம் இல்லை. கம்ப்யூட்டர் வராத காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் ஆள் உட்கார்ந்து அரம் வைத்துப் பொருத்தியிருக்கிறான். அதைக் கையில் பிடித்து முழு மருந்துத் தோட்டா ஆறு சுட வேண்டும். ஏழு வருடமாக இதே நினைப்பு.

ஊரில் நடக்குமா என்று கேட்காதீர்கள். இறக்குமதி நின்று எவ்வளவோ காலமாயிற்று. பழைய துப்பாக்கி ஒன்றை வாங்குகிற விலைக்கு நான் ரெண்டு லேத் போடலாம். லைசென்ஸ் கதை தனி.

என் மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவள் சொன்னது: "கோழி அறுக்கச் சொன்னா அடுத்த தெருவுக்கு ஓடுத ஆளு. ஒங்களுக்கு என்னத்துக்குத் துப்பாக்கி?" ஆனால் பெட்டியில் சட்டை மடித்து வைத்தது அவள்தான்.

இந்த ரிவால்வரைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குப் பின்னூட்டங்கள் மொத்தம் மூன்று. ஒன்று என்னைத் திட்டி. ஒன்று என்னுடையதே. மூன்றாவது, உம் அல் குவைனில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் ஹாஜா பாய் எழுதியது: எங்கள் அர்பாபிடம் நீங்கள் சொல்கிற சாமான் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். அர்பாப் என்றால் முதலாளி. அவருக்குக் கூடாரம், ராஜாளிப் பறவைச் சாமான், வேட்டைச் சாமான் விற்கும் கடை. ஹாஜா பாய் அதில் பதினைந்து வருடமாக இருக்கிறார். ஒரு வருடம் மெயிலில் பேசினோம். அர்பாப் சம்மதித்தார். கிளப் ரேஞ்சில், அதிகாரி பக்கத்தில் நிற்க, ஆறு தோட்டா.

வெள்ளி மாலை விமானம். குதைபியாவிலிருந்து ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி மூன்று தினார். ஷார்ஜா போய்வர டிக்கெட் 38 தினார், பறப்பது ஒரு மணி பத்து நிமிடம். என் விசாவில் டர்னர் என்று இருப்பதால் போய் இறங்கி விசா வாங்கமுடியாது. ஹாஜா பாய் ஏஜெண்ட் வழியாக 220 திர்ஹத்துக்கு எடுத்திருந்தார். அதுவே ஒரு வாரம் தாமதமானதால் முந்தின வார வெள்ளி சனிக்குப் போட்டிருந்த திட்டம் இந்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

ஹாஜா பாய் பிக்கப்போடு வந்திருந்தார். மெயிலில் கண்டிப்பான ஆளாகத் தெரிந்தவர் நேரில் ஓயாமல் பேசினார். ஷார்ஜா ஏர்போர்ட்டிலிருந்து உம் அல் குவைன் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். வழியில் அஜ்மானில் புரோட்டா சாப்பிட்டோம், காசு கொடுக்க விடவில்லை. "தம்பி, அர்பாப் நல்ல மனுசன். ஆனா அந்த நாலு இஞ்சு மேக்னத்தைப் பத்தி மட்டும் குத்தம் சொல்லிராதீக. புள்ள மாதிரி வச்சிருக்காரு" என்றார். நான் ஏன் குற்றம் சொல்லப்போகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளப். ஊரைத் தாண்டி, ஒரு பக்கம் உவர்நிலம், மறுபக்கம் முள்மரங்கள். அர்பாபுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். எழுபதுகளில் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் மூவருக்கும் பொதுவாக ஹிந்திதான். அவருடைய ஹிந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கிளப்பின் இரும்பு அறையிலிருந்து ஐந்து ரிவால்வர்களை வரவழைத்து, பச்சைத் துணி விரித்த மேஜையில் வரிசையாக வைத்தார்.

முதலில் ஒரு .44. நீளக் குழல், நிக்கல் பூச்சு. அதன் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரிப்பு, கோடு பிடித்தாற்போல். அர்பாப் விரலால் காட்டிச் சிரித்தார். "பெய்ரூத்தில் அழகான தோல் உறை வாங்கி, அதற்குள்ளேயே இரண்டு கோடைகாலம் வைத்துவிட்டேன். இது அந்த உறையின் தையல்." பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் இருக்கும். நம் வளைகுடா ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதன்பிறகு எண்ணெய் தொட்ட கம்பளித் துணிதான் என்றார். நான் யார்டில் உதிரிபாகப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். ஷார்ஜா கஸ்டம்ஸில் அதற்கு விளக்கம் சொல்லியே நாக்கு வறண்டுபோனது. அர்பாபுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து முகர்ந்து பார்த்தார், எதற்கென்று தெரியவில்லை.

பிறகு அந்த நாலு அங்குல மேக்னத்தைக் கையில் கொடுத்தார்.

எப்படி எழுதுவது? பாரம் எல்லாம் கைப்பிடிக்கு மேலே எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுத்தேன். சிலிண்டர் திரும்பி நின்ற இடத்தில் மயிரிழை ஆட்டம் இல்லை. நாற்பது வருடம் முன்னால் இதை ஒருவன் பொருத்தினான், இன்றைக்கும் அவன் வேலை அசையவில்லை. கண் கலங்கிவிட்டது. ஹாஜா பாய் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேராகப் போய்ச் சுட்டிருக்கலாம். ரேஞ்ச் அதிகாரி, ஒரு பாகிஸ்தான்காரர், காதுமூடியோடு தயாராக நின்றார். எனக்குத்தான் அவசரப்பட மனம் வரவில்லை. இத்தனை வருட ஆசையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு என்ன செய்வது? "அர்பாப், சுடுவதற்கு முன் நான் ஒருமுறை துடைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். எல்லாரும் சுட்டபிறகு துடைப்பார்கள். அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். பிரஷ், எண்ணெய் எல்லாம் தள்ளிவைத்து, "துடை, துடை" என்றார்.

சிலிண்டரை வெளியே சாய்த்து, அறைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பிறகு குழலின் பின்வாய். சிலிண்டரிலிருந்து குண்டு தாவி நுழைகிற இடம் அது. இந்த மாடலில் இடம் போதாமல் அந்த வாயின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாகச் சீவியிருப்பார்கள், அங்கே இரும்பு மெலிசு. கனமான குண்டு என்றால் கவலையில்லை. லேசான குண்டும் முழு மருந்தும் தொடர்ந்து போட்டால் அந்த இடம் அடி வாங்கும். உம் அல் குவைன் பக்கம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் லேசான குண்டுதான்.

அடியில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. கரி என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். மேல்கரி போயிற்று, கோடு போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன். நகம் மாட்டியது. ஹேர் க்ராக், மயிரிழை விரிசல்.

சிலிண்டரை மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. இவ்வளவு நாள் தாங்கியது இன்னும் ஆறு தாங்காதா என்று மனசு கேட்டது. தாங்கியும் இருக்கலாம். தாங்காவிட்டால் குழல் பிளந்து, சட்டமும் வளைந்து, பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்கும் ஆபத்து. என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

"அர்பாப், இதைச் சுடக்கூடாது."

ஹாஜா பாய் தமிழில், "தம்பி, என்ன சொல்றீக?" என்றார். குரலில் பயம் இருந்தது. நான் டார்ச் அடித்துக் காட்டினேன். அர்பாப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அதிகாரியும் பார்த்துத் தலையை ஆட்டினார். "கலாஸ்" என்றார் அர்பாப், முடிந்தது என்று. அவ்வளவுதான். கோபம் இல்லை. ரிவால்வரை வாங்கித் தம் கையாலேயே எண்ணெய் தடவிக் கம்பளித் துணியில் சுற்றினார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. இன்னொரு குழல் போடலாமே என்று கேட்டேன். இந்த வகைக்குக் குழல் செய்வதை நிறுத்திப் பல வருடமாயிற்று, பழையது எங்காவது கிடைத்தாலும் அனுமதி வாங்கி வந்துசேர்வது லேசில்லை என்று அதிகாரி சொன்னார். மார்ச்சில் நான் ஊரில் இருப்பேன்.

விருந்தாளி சும்மா போகக்கூடாது என்று அர்பாப் கிளப்பின் வாடகை ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் .357 மேக்னம்தான். எவர்சில்வர் பளபளப்பு, ரப்பர் கைப்பிடி. ஆறு சுட்டேன். கை மேலே தூக்கியது, நெஞ்சில் அறைந்தது, ஆறில் நாலு இலக்கு வட்டத்துக்குள் விழுந்தது. ஹாஜா பாய் கைதட்டினார். நன்றாகத்தான் இருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காட்டினாற்போல் இருந்தது என்று எழுதினால் ஜெசிந்தா படிப்பாள், அதனால் நன்றாக இருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கான விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு எழுத மனம் வராது. கிளப்பில் வாடகை ரிவால்வரும் 25 தோட்டாவும் 90 திர்ஹம். பாஸ்போர்ட் அவசியம். வெள்ளி மதியம் வரை மூடியிருக்கும். பழைய துப்பாக்கி ஒன்றைச் சுட யாராவது கொடுத்தால், சிலிண்டரைச் சாய்த்துக் குழலின் பின்வாயை, முக்கியமாக அடிப்பக்கத்தை, வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நிறைய .38 சுட்ட மேக்னத்தில் அறைக்குள் கரி வளையம் கட்டியிருக்கும், அதைத் தேய்த்து எடுக்காமல் நீளத் தோட்டாவை அழுத்தித் திணிக்காதீர்கள். தோல் உறை இடுப்புக்கு மட்டும், அலமாரிக்கு இல்லை. ஞாபகமாக இருக்கட்டும் என்று வெறும் தோட்டாக்கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். வெறும் கூடு என்று நீங்கள் சொல்வீர்கள், போலீஸ் கேட்காது.

அர்பாப் எங்களோடு பிக்கப் வரை நடந்து வந்தார். வெயில் ஏறியிருந்தது. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கதவை விடவில்லை.

"போன வெள்ளி சாயங்காலம் இதில் ஆறு சுட்டேன்" என்றார். "மகனோடு பேசிக்கொண்டே சுட்டேன். எங்கே பட்டது என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசி ஆறு என்று யார் கண்டது?"

நான் பையை வண்டிக்குள் வைத்தேன்.

"உன் விசா அந்த வாரமே வந்திருந்தால்," என்றார், "ஆளுக்கு மூன்று சுட்டிருப்போம்."

அந்த விரிசலுக்குள் கரி இரும்போடு இரும்பாக இறுகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமையில் ஏறுகிற கரி இல்லை அது, மாதக்கணக்கில் ஏறியது. போன வாரம் வந்திருந்தாலும் நான் முன்னால் துடைக்கத்தான் கேட்டிருப்பேன், அன்றைக்கும் இதே கோட்டில் இதே நகம் மாட்டியிருக்கும். அவருக்கும் அந்தக் கடைசி ஆறு கிடைத்திருக்காது.

காலையில் ஒருமுறை உண்மை பேசியது போதும் என்று தோன்றியது.

"ஆமாம் அர்பாப்," என்றேன். "ஆளுக்கு மூன்று."