கதையில் கங்கம்மாளுக்கு ஓரிடம்

திருநின்றவூரில் ரயிலேறி, ஜன்னலோரச் சீட்டில் படிந்த கரித்தூளை ஊதிவிட்டு உட்கார்ந்ததும் பூவராகவன் ஓர் அரக்கனைக் கொல்ல ஆரம்பித்துவிடுவார். பழைய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில், பென்சிலால். அம்பத்தூர் வருவதற்குள் அரக்கன் செத்தாக வேண்டும். அங்கே ஒரு ஸ்குரூ கம்பெனியில் அவர் டைம் கீப்பர். பிந்தி வருகிறவர்களைப் பிடிக்கிறவரே பிந்தி வந்தால் நன்றாக இருக்காது. பட்டாபிராமில் சிக்னல் விழாமல் வண்டி நின்றுவிட்டால் அன்றைக்கு அரக்கனுக்கு இன்னொரு தலை முளைக்கும்.

சிறுவர் பத்திரிகை ஒன்றில் ஏழெட்டு வருஷமாக அவருடைய மாயாஜாலத் தொடர் வருகிறது. அது வரும் நாளில் பிள்ளைகள் ஆலாய்ப் பறக்கிறார்கள். இத்தனை கற்பனை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் மேலே பார்த்துக் கும்பிடுவார். மேலே சாமான் பலகைதான் இருக்கிறது. கற்பனை எதிர் சீட்டிலிருந்து வருகிறது. கதையில் வரும் மந்திரிக் குள்ளன், எதிரே தூங்கிக்கொண்டு வரும் ஆறடி தேசப்பன். உயரத்தை மட்டும் வெட்டிவிட்டுக் குறட்டையை வைத்துக்கொண்டார். பறக்கும் குதிரை, தினமும் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் தபாலாபீஸ்காரர். சூனியக்காரி, கொய்யா விற்கும் ரோசம்மாள்.

ரோசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. விஷயம் காதில் விழுந்ததும் சண்டைக்கு வருவாள் என்று பெட்டியே காத்திருந்தது. அவளோ வாரந்தோறும் வந்து விசாரிக்கிறாள்: "நைனா, இந்த வாரம் நான் இன்னா பண்ணேன்?" இளவரசனைக் கிளியாக்கினாய் என்றால் பெருமை தாங்காமல் ஒரு காய் கூடப் போடுகிறாள். தன்னைச் சாகடித்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பூவராகவன் வாக்குக் கொடுத்துவிட்டார். கொய்யா அப்படி.

வினை வீட்டில் இருந்தது. மனைவி கங்கம்மாள் தொடரை ஒரு வரி விடாமல் படிப்பவள். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கேட்டுவிட்டாள்.

"ஊர்ல இருக்கிறவங்கல்லாம் உங்க கதையில கீறாங்க. கொய்யாக்காரி கூட கீறா. நான் எங்க?"

விளையாட்டுக் கேள்வி இல்லை. அவள் கை நின்றுவிட்டிருந்தது. எத்தனை வருஷமாக ஒவ்வொரு வாரமும் தன்னைத் தேடிப் பார்த்திருப்பாளோ. இளவரசியே நீதான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஊருக்கெல்லாம் புளுகுகிற மனுஷனுக்கு வீட்டுக்குள் மட்டும் உண்மை பேசுகிற வியாதி. யோசித்தார், முகம் மலர்ந்தது.

"அந்த மாயச் சட்டி இல்ல? காட்டுல இளவரசன் பசிக்குதுன்னா சோறு குடுத்துக்கினே இருக்குமே, அதான் நீ. அது இல்லாங்காட்டி கதையே கெடையாது."

இதைவிடப் பெரிய பாராட்டை உலகத்தில் எந்தப் புருஷனும் சொன்னதில்லை என்பது அவர் நினைப்பு.

"அந்தச் சட்டி எப்பனாச்சும் பேசுமா?" என்றாள் கங்கம்மாள்.

சட்டி எங்கேயாவது பேசுமா என்று அவர் சிரித்தார். அவளும் மீனைக் கழுவி முடித்தாள். குழம்பு அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே இருந்ததாம்.

மறுநாள் காலை கதை நினைப்பில் கிளம்பியவர், பை கனக்காததைக் கவனிக்கவில்லை. மத்தியானம் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். கழுவித் துடைத்துப் பளபளவென்று காலியாக இருந்தது. என்ன சமையல் என்று பக்கத்து ஆள் எட்டிப் பார்ப்பதற்குள் மூடியை அழுத்தி மூடிவிட்டு, இன்றைக்கு விரதம் என்றார்.