வெட்டி முறித்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெரு 'வெட்டி' என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே அல்ல. அந்த அளவு மரியாதை தெருவுக்கு உண்டு. அவர் முதுகு திரும்பும்வரை காத்திருக்கும். மாமா அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். அச்சகத்தை மூடிய பிறகு, அடுத்த வேலை தன்னைத் தேடி வரும் என்று வாசலைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலைக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

அக்கா தையல்காரி. தெருவில் உள்ள எல்லோருடைய இடுப்பளவும் அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. "இந்தக் கலர் உனக்கு எடுக்காது, துணிய மாத்திட்டு வா" என்று வாடிக்கைக்காரியிடமே சொல்வாள். நான் பக்கத்து வீடு, தனிக்கட்டை. இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று, வெந்நீர் அடுப்பும் ஒன்று. ராத்திரி ஷிப்ட் நர்ஸ் என்பதால் பகலில் தூங்க வேண்டும் என்பது என் வாழ்க்கை லட்சியம்.

அந்த லட்சியத்தில் மண்ணைப் போட்டது, கணக்குத் தீர்த்து அச்சகம் கொடுத்த பணம். மாமா அதை வங்கியில் போடவில்லை. நேரே போய், மரம் அறுக்கிற செயின்சா மிஷினை வாங்கிக்கொண்டு வந்தார்.

"இனிமே வீட்டுக்கு விறகு என் பொறுப்பு. முழு மரமா இறக்கி, நானே அறுத்து, நானே பிளக்கப் போறேன்" என்றார்.

அக்கா மிஷின் பெட்டியைப் பார்த்தாள். எனக்குப் பகீரென்றது. எங்கள் அப்பா மரமில்லில் ரம்பத்துக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு வீடு வந்தவர். முதலாளி பெரிய மனசு பண்ணி ஓர் ஊன்றுகோல் தந்தார். அதுவும் அதே மில்லில் அறுத்த கட்டை. அன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் அக்கா. அங்கே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை சொன்னதில்லை. இப்போது மாமாவின் கால்கள் ரம்பத்துக்கு முன்னால் போய் நிற்கப் போகின்றன.

"வேண்டாம்னு சொல்லேன்க்கா."

"எப்படிடீ சொல்றது? அவரு மொகத்தப் பாத்தியா? ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் ஷேவ் பண்ணியிருக்காரு."

அரங்கேற்றத்துக்குத் தெருவே மதிலோரம் கூடியது. தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, கையுறை, முழங்கால்வரை பூட்ஸ். கல்யாணத்தன்றுகூட மாமா இவ்வளவு நேரம் அலங்காரம் பண்ணிக்கொண்டதில்லை. மிஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். அக்கா ஜன்னலைச் சாத்தினாள். ஒருவழியாக மிஷின் உறுமியது. மரத்தில் வைத்து அழுத்தினார். புகை வந்தது, கருகின வாடை வந்தது, மரம் மட்டும் முழுசாக அப்படியே கிடந்தது.

மாமா மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "மரம் ரொம்பப் பச்சை" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன வெட்டி, மரத்துக்கு இஸ்திரி போடுறியா?" என்று எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கேட்டார். தெரு மரியாதை அன்றோடு முடிந்தது.

மறுநாள் மாமா மரங்களைக் கொல்லையில் இருந்த கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார். சில்லு தெறிக்குமாம், யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதாம். காலையில் தொடங்கிய உறுமல் மதியம்வரை நிற்கவில்லை. சாயந்திரம் பார்த்தால், பிளந்த விறகு சுவரோரம் அழகாக அடுக்கி இருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை. அடுக்கு உயர உயரத் தெரு வாயடைத்துப் போனது. எலக்ட்ரீஷியன் தானாகவே 'அண்ணே' என்றார். நான் மட்டும் தலையணைக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு மாமாவின் ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பொறுமை போயே போய்விட்டது. நல்ல வசவுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

செயின்சா ஓர் அடிக்கட்டை மேல் ஜம்மென்று உட்கார்ந்து, எதையும் தொடாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் உண்மையான வெட்டி யார் என்று அன்றுதான் தெரிந்தது. மாமா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைரம்பத்தால் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அறுத்த துண்டை நிமிர்த்தி, அதன் தலையில் பெரிய வெட்டுக்கத்தியை வைத்து, கத்தியின் முதுகில் கொட்டாப்புளி மரச்சுத்தியலால் ஒரு போடு போட்டார். துண்டு இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். "மிஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது. யார்கிட்டயும் சொல்லிடாத வாயாடி" என்றார்.

நேரே அக்காவிடம் ஓடினேன். "உன் வீட்டுக்காரர் வெட்டி முறிக்கிற லட்சணத்த வந்து பாரு! மிஷின் சும்மா கத்துது, மனுஷன் கையால அறுக்கிறாரு!"

அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். செயினத் திருப்பி மாட்டினதே நான்தான்" என்றாள்.

மாமா பெட்ரோல் வாங்கப் போன நேரத்தில் வேலையை முடித்திருக்கிறாள். "ஊசியத் திருப்பி மாட்டினா தையல் விழுமா? அதே கணக்குதான். பல்லெல்லாம் பின்னால பாத்துக்கிட்டு இருக்கு. மரமும் அறுபடாது, அவரு காலும் அறுபடாது."

"பயமா இருக்குன்னு அவர்கிட்ட நேரா சொல்லிடேன்."

"சொன்னா ஏன்னு கேப்பாரு. அன்னிக்கு மில்லுல அப்பாவப் பாத்தத என்னால வாயெடுத்துச் சொல்ல முடியாதுடீ." வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள், கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அழுதாள். சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

என் வயிற்றில் ரகசியம் தங்காது. அந்த நோய்க்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மருந்து இல்லை. ஆனாலும் தாங்கினேன், மாமா உள்ளங்கையைக் காட்டிக் கட்டுப் போடச் சொல்லும்வரை. கொட்டகைக்குப் பின்னால் மிஷினை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு சத்தியமாவது மண்ணாவது.

"மாமா, செயின் திரும்பி இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. காலம் பூரா மெஷினோட குடும்பம் நடத்தினவன், பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியாதா? கடைக்காரன் நேராத்தான் மாட்டிக் கொடுத்தான். நம்ம வீட்டுல மெஷின் கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஆளு வேற யாரு?"

"அப்ப நேராக்க வேண்டியதுதானே?"

"நேராக்கினா அவ தூங்க மாட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, அப்ப அந்த எழவெடுத்த மிஷின எதுக்கு ஓட்டுறீங்க? தூக்கமில்லாம நான் செத்துக்கிட்டு இருக்கேன்!"

"ஓட்டாம விட்டா, நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் உங்க அப்பாவப் பத்தி அவ பேசியாகணும்." மாமா கட்டுப் போட்ட கையை மூடித் திறந்து பார்த்தார். "அது அவளால ஆகாது."



அப்போது முன்னறையில் தையல் மெஷின் நின்றது. "என்னங்க! சத்தத்தையே காணோம்? என்னாச்சு?" அக்காவின் குரல் நடுங்கியது. செயின் திரும்பி இருப்பது அவள் புத்திக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல, எண்ணெய் ஊத்துறேன்!" என்று கத்திக்கொண்டே மாமா கயிற்றை இழுத்தார். மிஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் தையல் மெஷினும் மறுபடி ஓடத் தொடங்கியது.

மாமா கைரம்பத்தை எடுத்தார். "கட்டை ஆடுது. அந்த முனை மேல உக்காரு வாயாடி" என்றார்.

என் உடம்பு எடைக்கு அன்றுதான் முதல்முறையாக ஓர் உபயோகம் கிடைத்தது. போய் உட்கார்ந்தேன்.