இரண்டாவது பசைத்துளி

யெரெவான் துகள் முடுக்கிக் கூடத்தில் படிகங்களைச் சட்டத்தில் ஒட்டுவது அருஸ்யாக்கின் வேலை. தாளைவிட மெல்லிய தகட்டின் ஒரு மூலையில் ஒரே ஒரு துளிப் பசை. மற்ற மூன்று மூலைகளும் சும்மா நிற்க வேண்டும். எலக்ட்ரான் கற்றை அணுவரிசைகளுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டு போகும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். வரிசை நேராக இருந்தால் வரைபடத்தில் கூர்மையான முகடு எழும்.

வசந்தத்தில் ஒரு சிலிக்கான் தகடு சட்டத்திலிருந்து விழுந்தது. "உன் படிகம் தரையில ஊசலாடுது" என்று கூடத்தில் எல்லோரும் மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். கூடத்தில் இருந்த ஒரே வைரத்தகடு கைக்கு வந்தபோது தலைவர் பார்கேவ், "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ கையுறைக் கிடங்குக்குத்தான் போகணும்" என்றார். அருஸ்யாக் எதிர்மூலையிலும் ஒரு துளி வைத்தாள்.

முகடு எழவில்லை. அகன்ற மேடு ஒன்றுதான் தெரிந்தது.

முகடு எங்கே எழும் என்று கணித்திருந்த ஹைகாஸ் காப்பியை ஆறவிட்டுத் தன் சமன்பாடுகளைக் கோடிட்டு அடிக்கத் தொடங்கினான். "என் கணக்குதான் தப்பு, அருஸ்யாக். ரெண்டு வருஷம் போச்சு."

காய்ந்த பசை சுருங்கும். இரண்டு மூலைகளும் இழுபட்டால் வைரமும் வளையும், வரிசையும் வளையும். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காவிட்டால் வேலை தங்கும். அவன் சரியான வரியையே அடித்துக்கொண்டிருந்தான்.

"அடிக்காதே. நான் ரெண்டு துளி வச்சுட்டேன்."

ஹைகாஸ் நிமிர்ந்தான். "வைரத்துக்கு சீட் பெல்ட்டா?"

"விழுந்துடுமோன்னு பயம்."

பார்கேவ் பார்த்துக்கொண்டு நிற்க, அசிட்டோன் தோய்ந்த ஒற்றைத் தூரிகை மயிரால் இரண்டாவது துளியைக் கரைத்தாள். அவசரப்பட்டால் தகடு பிளந்துவிடும். பசை மெல்ல இளகியது, தகடு பிழைத்தது. மறுநாள் முற்பகல் முகடு ஹைகாஸ் சொன்ன இடத்திலேயே எழுந்தது.

பார்கேவ் அவளைக் கிடங்குக்கு அனுப்பவில்லை. ஆனால் வைரத்தகட்டின் பெட்டியை அவளிடமிருந்து வாங்கி ஹைகாஸிடம் கொடுத்துவிட்டார். இலையுதிர் காலத்தில் அடுத்த சோதனை வந்தது. ஹைகாஸ் பெட்டியை அவள் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"ஒரு துளிதானே?" என்றான்.

"ஒரு துளிதான். நீ தள்ளிப் போய் நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே."