கட்டடத்தைத் திறக்கவிடாத மரகதம்மா

மரகதம்மாவின் மகன் போன் செய்தபோது நான் பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். "சார், அம்மா காலையில தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்" என்றார். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். பல்லாவது ஒன்றாவது என்று எழுந்து வந்துவிட்டேன்.

நம் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காரைக்காலில் நான் மேலாளராக இருந்த ஓய்வூதிய அலுவலகத்தின் கேர்டேக்கர் அவர். மூன்று மாடிக் கட்டடத்தின் பம்பு, குழாய், ஏசி, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் வராந்தாவில் வருகிறார் என்றால் நானே மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வருவேன்.

கொரோனாவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திங்கட்கிழமை திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான் சும்மா இருப்பேனா? தரையில் வட்டம், வாசலில் சானிடைசர், அறை அறையாக மருந்து தெளிப்பு. காலண்டரில் நல்ல நேரமும் பார்த்தாயிற்று. 'எல்லாம் தயார்' என்று வெள்ளிக்கிழமையே தலைமை அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மரகதம்மாவின் ஊரான குரும்பகரத்தில் தொற்று இருந்ததென்று தெருவை அடைத்திருந்ததால் அவரால் சனிக்கிழமைதான் வர முடிந்தது. வந்தவர் நேரே மேல்மாடிக்கு ஏறிக் கடைசிக் குழாயைத் திறந்தார். பழுப்பாகத் தண்ணீர், குமட்டும் வாடை. கீழே வந்து பம்பு அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"எந்தக் கொழாயத் தொறந்து பாத்தீங்க சார்?"

நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. பார்க்காதவனுக்குத்தானே கோபம் அதிகம் வரும். "திங்கக்கிழம தொறந்தே ஆகணும். சாவியக் குடுங்க. இல்லன்னா மெமோ குடுப்பேன்" என்று கத்தினேன்.

"மெமோவக் குடுங்க சார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். சாவிய மட்டும் கேக்காதீங்க. மாசக்கணக்கா நின்ன தண்ணி. வர்றவங்க எல்லாம் எழுவது எம்பது வயசு. டேங்க்கக் கழுவணும், ஒவ்வொரு கொழாயயும் ஓடவுடணும், ஏசியத் தொறந்து தொடைக்கணும். மூணு நாள் ஆவும்."

மூன்று நாள் தள்ளிப்போடவும் முடியாது. உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க முடியாமல் பென்ஷன் நின்றுபோனவர்கள் போலகத்திலிருந்தும் சுரக்குடியிலிருந்தும் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். வெளியே கார் கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"கட்டடத்தத் தொறக்க வேணாம் சார். ஆபீஸத் தொறந்துடுவோம்."

திங்கட்கிழமை கார் கொட்டகையில் மேசை போட்டோம். குடிப்பதற்கு மரகதம்மா வீட்டில் காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுவந்த தண்ணீர். எதிர்வீட்டில் பேசிக் கழிப்பறைக்கும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். காற்றோட்டமாக உட்கார்ந்து எல்லோரும் சான்றிதழ் கொடுத்தார்கள். "எப்பவும் இங்கயே வைங்களேன், மாடி ஏற வேணாம்" என்றார் ஒரு பெரியவர்.

செவ்வாய்க்கிழமை தொட்டியை வடித்தபோது என்னையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். தொட்டியின் மூடி விலகியிருந்தது. அடியில் இரண்டு புறாக்களின் சிறகும் எலும்பும். அந்தத் தண்ணீரில்தான் திறப்பு நாளன்று எல்லோருக்கும் காப்பி போடச் சொல்லியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். "பாத்தாச்சுல்ல, வுடுங்க சார். பெரியவங்க யாரும் குடிக்கல, அது போதும்" என்றார். வியாழக்கிழமை கட்டடம் திறந்தது. ஒரு குழாயிலும் வாடை இல்லை. எத்தனை பெரியவர்களை, கூடவே என்னையும், அவர் காப்பாற்றினார் என்று நினைக்கும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. தான் ஓய்வுபெற்ற அன்று மேடையில், "சார் எனக்கு ஒரு மெமோ தரேன்னாங்க, இன்னும் வரல" என்று மட்டும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதாவது நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுதிறப்பைச் சிறப்பாக நடத்தியதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்ததே, நீங்கள்கூடக் கைதட்டினீர்களே, அதை எடுத்துக்கொண்டுதான் குரும்பகரம் போனேன். மகனிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். "அம்மா வீட்டுல இதப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்லையே சார். நீங்க நல்லவருன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

கடிதம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். எனக்கு மரகதம்மா விட்டுப்போனது ஒரு வழக்கம். நேரில் பார்க்காத எதற்கும் இப்போது நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதற்குக் கீழே போடுகிறேன். இதில் இருப்பது அத்தனையும் நான் என் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.