பக்கத்து சீட்டு பிரேக்

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் என் தம்பி பெண்டாட்டி. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் சொதப்பினால் கற்றுக்கொடுப்பவர் மிதிக்கலாம். அவள் அதை மிதித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கை நடுங்க வந்து உட்காருகிறவர்களிடம், "வண்டி எங்கயும் ஓடிடாது, நீங்க ஓட்டினாத்தான் ஓடும். கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாளாம். அந்தத் தைரியத்துக்காகவே அவளிடம் வந்தவர்கள் உண்டு.

மாதவிடாய் நின்றுபோய்க் கொஞ்ச காலத்துக்குப் பிறகு அவளுக்கு மறுபடி ரத்தம் பட்டது. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். என் தம்பி பிரிட்ஜ் மெக்கானிக், ஊரார் வீட்டு பிரிட்ஜையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போடுவான். ஊசியைப் பார்த்தால் மட்டும் மயங்கி விழுவான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டால் இவனுக்கும் ஒன்று போட வேண்டும். அதனால் கூட இருந்தது நாத்தனாரான நான்தான். "முழுசா எடுத்தாச்சு, எங்கயும் பரவல. செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க" என்றார் டாக்டரம்மா. அப்பாடா, தொல்லை விட்டது என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

அவளுக்குத் தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அடர்ந்த நிறத்தில் இருந்த உடுப்பையெல்லாம் மூட்டை கட்டி அலமாரி மேல் போட்டுவிட்டாள். ஒரு சொட்டு பட்டாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் வெள்ளை, வெளிர் மஞ்சள் மட்டும். பாத்ரூமுக்குப் போனால் வெளியே வர நேரமாகும். டிவி பார்க்கும்போதும் ஒரு கை அடிவயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியூரில் படிக்கிற மகள் பட்டம் வாங்கப் போகிறாள், டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டால், "இந்த செக்கப் முடியட்டும்" என்பாள். அது முடிந்தால் கொஞ்ச நாள் முகம் தெளிந்திருக்கும். பிறகு அடுத்த செக்கப் வந்து நிற்கும். "அதான் ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே" என்று தம்பி ஓயாமல் பாடுவான். அவன் பாடப் பாட அவள் வாயைத் திறப்பதே குறைந்துபோனது.

வேலைக்குத் திரும்பியவள் வேறு ஆளாகத் திரும்பினாள். தெருமுனையில் சைக்கிள் தலை நீட்டினால் பிரேக். பஸ் ஸ்டாப்பில் யாராவது அசைந்தால் பிரேக். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் 'பிரேக் டீச்சர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளிடம் படித்தவர்கள் வரிசையாக டெஸ்டில் கோட்டை விட்டார்கள். தாங்களாக பிரேக் போட்டிருந்தால்தானே போட வரும்? "கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்கம்மா" என்றார் முதலாளி. நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். அந்த கார் போய்விட்டால் அவளிடம் மிச்சமிருப்பது வயிறும் பயமும்தான் என்று எனக்குப் பட்டது. நானே முதலாளியிடம் போய் நின்றேன். என் லைசென்ஸ் பீரோவுக்குள் பல வருடமாகத் தூங்குகிறது, இவள்தான் என்னைத் தயார் செய்ய வேண்டும் என்றேன். என் வாய்க்குப் பயந்து சரி என்றார்.

முதல் நாளே எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணி, சிக்னல்."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"அண்ணி, நாய்."

"அது அசந்து தூங்குதுடி!"

சடக்கென்று வண்டி நின்றது. தூங்கிய நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நான் கோபத்தில் குனிந்து பார்த்தேன். பிரேக்கை விட்ட பிறகும் அவள் வலது கால் தரைக்கு வரவில்லை. முட்டியை மடக்கி, பாதத்தைத் தூக்கி, பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அப்படியேதான் வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணி, வலது பக்கம் அடிவயிறு. தொடை சேர்ற இடம். ரெண்டு வாரமா விடாம வலிக்குது. அவர்கிட்ட சொல்லல."

"ஒண்ணும் இருக்காது" என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினேன். அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

"சாவுக்குப் பயமில்ல அண்ணி. மறுபடியும் அந்த ஆபரேஷன் டேபிள்ல ஏறணுமேன்னுதான். மொதத் தடவ ஒண்ணும் தெரியாம ஏறிட்டேன். இப்ப எல்லாம் தெரியும்."

"ஏறணும்னா நானும் வர்றேன். இப்ப போய்க் காட்டிட்டு வரலாம், வா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுநாள் வரச் சொன்னார்கள். தம்பி இரவெல்லாம் பிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினான். காலையில் அவன் கிளம்பி நிற்க, "நீங்க வந்து விழுந்து வைக்காதீங்க. எதுவா இருந்தாலும் நேர்ல வந்து நானே சொல்றேன்" என்று அவள் தடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். பிறகு அவளைப் படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார். வலது தொடை மேல் கை வைத்து, "என் கையைத் தள்ளிக் காலைத் தூக்குங்க" என்றார். "அம்மா!" என்று அலறினாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "டிரைவிங் டீச்சர். நாள் பூரா காலை பிரேக்குக்கு மேல தூக்கியே வச்சிருக்கா டாக்டர்."

"எப்படி? காட்டுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தார். சிரிக்கவில்லை. "காலைத் தூக்குற தசை இங்கதான் வருது. அது களைச்சுப்போச்சு. அந்த வலிதான்."

"அப்ப மறுபடி வரலியா?"

"இப்ப இல்ல. இனிமே வரவே வராதுன்னு நான் வாக்கு குடுக்க முடியாது, யாராலயும் முடியாது. ரத்தம் பட்டாலோ, வயிறு வீங்கினாலோ, வலி விடாம இருந்தாலோ ரெண்டு வாரம் காத்திருக்காம உடனே வாங்க. வந்தது சரிதான். தேடிப் பாக்கறது என் வேலை. அதையும் சேத்து நீங்க பாத்தா உங்க வேலைய யாரு பாக்கறது?"

"இந்தப் பயம் எப்ப டாக்டர் போகும்?"

"குறையும். செக்கப் நெருங்கினா கூடும், மறுபடி குறையும். இதையே பேசறதுக்கு இங்க ஒருத்தங்க இருக்காங்க. பாக்கறீங்களா?"

"பாக்கறேன்" என்றாள். மென்று முழுங்காமல் சட்டென்று சொன்னாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடுவிலேயே சிரிப்பு வந்தது. "என் காலே என்னைப் பாடாப் படுத்தியிருக்கு அண்ணி." நானும் அழுதேன், சிரித்தேன். போகிறவர்கள் எங்களை என்னவென்று நினைத்தார்களோ, நினைத்துவிட்டுப் போகட்டும்.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவள் சீட்டைப் பின்னால் தள்ளி இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள். "வலிக்குது, இனிமே மிதிக்க மாட்டேன். நீங்களே பாத்துக்கங்க."

இப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது என் முறை. வழியில் ஒரு லாரி சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே திரும்பியது. நானே மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. திட்டு விழும் என்று திரும்பினேன். அவள் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் கை இல்லை. இத்தனை மாதத்தில் அவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். வாசலில் தம்பி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. வண்டியை நிறுத்தினால் ஓடி வந்து அவளை எழுப்பிவிடுவான். நான் அவனைப் பார்த்து 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று கையை ஆட்டிவிட்டு, வீட்டைத் தாண்டிப் போனேன். கண்ணாடியில் பார்த்தால், நடுத்தெருவுக்கு வந்து நின்று சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு சுற்று போய்விட்டு வருவதற்குள் அவனும் அழுது முடிக்கட்டும் என்று மெதுவாகத் திருப்பினேன்.