அகத்தா கையெழுத்துப் போட மறுத்த நாள்

மலேசியாவில் கோலா கெத்திலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பால் ஃபேக்டரியில் அகத்தா 1976இல் வேலைக்குச் சேர்ந்தாள். ரப்பர் பால் கெட்டியாகிவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். அந்த அளவைச் சோதிப்பது அவள் வேலை. வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாய்களுமாக, காலை ஏழு மணிக்கே லேப்பில் இருப்பாள்.

1981 ஏப்ரலில் ஒரு மாலை, கார்த்திகேசுவின் மளிகைக் கடைக்குச் சீனி வாங்கப் போனவள் அங்கிருந்த டிவி முன்னால் நின்றுவிட்டாள். அமெரிக்காவில் சிறகு வைத்த விண்கலம் ஒன்று விண்வெளிக்குப் போய்விட்டு, விமானம் போலத் தரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல போனது முழுசா திரும்பி வந்துருச்சே!" என்றார் கார்த்திகேசு. "மறுபடியும் இதையே அனுப்புவாங்களாம் லா."

அனுப்பினார்கள். நவம்பரில் அதே கலம் இன்னொரு தடவை போய்வந்தது. அதைத் தூக்கிவிடும் இரண்டு பெரிய ராக்கெட்டுகளும் பாராசூட்டில் கடலில் இறங்கும், கப்பல்கள் இழுத்து வரும், கழற்றிச் சோதித்து மறுபடி எரிபொருள் நிரப்புவார்கள் என்று பத்திரிகையில் படித்தாள். கலத்தைவிட இதுதான் அவளுக்குப் பிடித்தது.

"கழட்டிப் பாக்குற எடத்துல என்னை மாதிரி ஒருத்தி இருப்பா அண்ணே," என்று கார்த்திகேசுவிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

ஃபேக்டரியிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்மோனியாக் குழாய்களைக் கழற்றிக் கழுவுவார்கள். குழாய்கள் சேரும் இடங்களில் மூச்சை அடைக்கும் அந்த வாயு கசியாமலிருக்க ரப்பர் வளையங்கள் உண்டு. ஃபோர்மன் தர்மலிங்கம் அவற்றைத் துடைத்து மறுபடியும் மாட்டுவார். 'சோதித்துப் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவது அகத்தா.

1984இல் ஒரு வளையத்தில் மயிரிழை வெடிப்புகளைக் கண்டாள்.

"அண்ணே, இது வெடிச்சிருக்கு."

"போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. ஒழுகுச்சா? இல்லல்ல. சைன் போடு தங்கச்சி."

போட்டாள். ஒழுகவில்லை. அடுத்த முறையும் போட்டாள்.

1986 ஜனவரியில் விண்கலம் ஒன்று கிளம்பி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், வானத்திலேயே சிதறியது. ஏழு பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

விசாரணை முடிவு ஜூனில் வந்தது. ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, நெருப்பை வெளியே விட்டிருந்தது. அது மட்டுமல்ல. முந்தைய பயணங்களில் கடலிலிருந்து மீட்ட ராக்கெட்டுகளிலேயே கருகிய வளையங்களைப் பார்த்திருக்கிறார்கள். எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் தொடர்ந்து பறக்கவிட்டிருக்கிறார்கள்.

பத்திரிகையில் அந்த வரிகளை அகத்தா இரண்டு தடவை படித்தாள்.

அடுத்த வாரம் குழாய் கழற்றும் நாள் வந்தது. தர்மலிங்கம் கையெழுத்துப் போடும் புத்தகத்தை நீட்டினார்.

"நான் போட மாட்டேன் அண்ணே. எல்லா வளையமும் புதுசா மாத்துங்க."

"புதுசு வாங்க சுங்கை பட்டாணி போகணும். பால் லோரி வந்து நிக்குது, தெரியுதா? ரெண்டு வருசமா நீதானே சைன் போட்ட?"

"ஆமா. நான்தான் போட்டேன். அது தப்பு. அதான் இன்னைக்குப் போடல."

"ஒண்ணும் ஒழுகலையே!"

"அந்த ராக்கெட்டும் இருபத்துநாலு தடவை நல்லாத்தான் போச்சு அண்ணே. இந்தக் குழாய்கிட்ட தினமும் நிக்கிறது அம்மாசி."

குழாயடியில் வேலை பார்க்கும் அம்மாசி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு இருவரையும் பார்த்தாள். தர்மலிங்கம் கோபத்தோடு ஒரு வளையத்தை எடுத்து, "பாரு, எவ்வளவு கெட்டியா இருக்குன்னு," என்று மடக்கினார். அது அவர் கையிலேயே பிஸ்கட் போல இரண்டாக உடைந்தது.

துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தர்மலிங்கம் புது வளையங்கள் வாங்க மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அவர் திரும்புவதற்குள், அம்மோனியா கலக்க முடியாமல் ஒரு லோரிப் பால் கெட்டியாகிப் போயிருந்தது. எல்லோரும் 'துவான்' என்று மரியாதையாக அழைக்கும் மேலாளர் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, யார் வேலையை நிறுத்தியது என்று கத்தினார். அகத்தா வாயைத் திறக்கும் முன்,

"நான்தான் துவான்," என்ற தர்மலிங்கம், உடைந்த துண்டுகளை மேசைமேல் வைத்தார்.

மேலாளர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குமேல் கத்தவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எத்தனை முறை மாட்டியது என்று அகத்தா எழுதி வந்தாள். நன்றாக இருப்பதை மறுபடி மாட்டச் சொல்வாள். சந்தேகம் வந்தால் வெட்டி எறிவாள்.

1988 செப்டம்பர் கடைசியில் விண்கலம் மறுபடி கிளம்பியது. ராக்கெட் இணைப்புகளைப் புதிதாக வடிவமைத்திருந்தார்கள். மறுநாள் காலை வானொலியில் கேட்டதும் அகத்தா சைக்கிளை மிதித்துக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்தாள்.

"நல்லபடியா போயிருச்சாம் அண்ணே."

"ராக்கெட்டு ரெண்டும்?"

"கடல்ல எறங்கியாச்சு. இனிமேதான் கழட்டிப் பாக்கணுமாம்."

"பாக்கட்டும், பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்," என்றார் தர்மலிங்கம்.